மாமன் வாய் வைத்த சோறு

வெள்ளக்கடை, ஏற்காடு
14.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுந்தரம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். எனக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. உங்கள் முழங்கால் ஆபரேஷன் எந்தத் தேதி என்று எழுதவும். போனில் கேட்டிருக்கலாம்தான். ஆனால் நாம் இருவரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருவர் கட் பண்ணிவிடுகிறோம். அப்பாவை அடக்கம் பண்ணிய அன்று, இனிமேல் கடிதம்தான் என்று நீங்கள் போட்ட சட்டத்தைப் பதினோரு வருஷமாக நான் மீறவில்லை.

நம் தங்கை சாராவின் மகள் ஃபெபிக்கு மே 26, திங்கட்கிழமை, நம் சர்ச்சிலேயே கல்யாணம். மாப்பிள்ளை எல்வின், சேலத்தில் பில்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவரின் ஒரே மகன். பையனைக் குறை சொல்ல முடியாது. அவனைப் பெற்றவரைத்தான் சகிக்க முடியவில்லை. கோடை விழா வாரத்தில் வேண்டாம், மலையில் கால் வைக்க இடம் இருக்காது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். பூக்கண்காட்சி நடக்கும்போது போட்டோ எடுத்தால்தான் எடுப்பாக இருக்குமாம். ஆல்பத்துக்காகத் தேதி குறிக்கிற மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

விருந்து அவர்கள் பொறுப்பு. பிரியாணியைச் சேலத்திலேயே சமைத்து வேனில் ஏற்றிக்கொண்டு வரப்போகிறார்கள். இங்கேயே அடுப்பு மூட்டலாம் என்றதற்கு, எல்வினின் அப்பா, "மலைத் தண்ணியில அரிசி வேகாதுங்க சம்பந்தி" என்றார். ஐம்பத்து நாலு வருஷமாக நான் வேகாத சோறுதான் தின்றிருக்கிறேன் போலிருக்கிறது. நம் பங்குக்குத் தயிர்ப் பச்சடி மட்டும். செம்மநத்தம் பார்வதியிடம் தயிருக்குச் சொல்லிவிட்டேன். நாலு மாட்டை வைத்துக்கொண்டு நம் எஸ்டேட்டுக்கும் டவுனில் இரண்டு லாட்ஜுக்கும் பால் ஊற்றுகிறவள். அவள் தயிரைக் கத்தி போட்டுத்தான் வெட்ட வேண்டும், அத்தனை கெட்டி.

சாரா புருஷனை இழந்தவள், நான்தான் முன்னால் நிற்க வேண்டும். நீங்களும் வந்தால் எனக்குத் தெம்பு.

உங்கள் தம்பி,
ஞானசுந்தரம்


தூத்துக்குடி
23.4.2025

தம்பி சுந்தரத்துக்கு,

தேவகுமாரி அக்காவின் ஆசிகள். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாயா, இல்லை வெந்தயத்தை முழுங்கிவிட்டு டீக்கடையில் இரண்டு பன் தின்கிறாயா? எனக்கு மே 20-ல் ஆபரேஷன். கல்யாணத்துக்கு வர முடியாது. சாராவிடம் நான் எழுதிக்கொள்கிறேன்.

இருநூற்றுப் பத்துப் பிள்ளைகள் இருக்கிற விடுதிச் சமையலை முப்பது வருஷமாகப் பார்க்கிறவள் சொல்கிறேன். தம் போட்ட பிரியாணி நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் மூடியே கிடந்தால் அது சாப்பாடு இல்லை, வியாதி. வேன் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்று பார்.

நம் குடும்பத்தில் பெண்ணுக்குத் தாய்மாமன் முதல் கரண்டியை வாயில் வைத்துச் சரி என்று தலையாட்டினால்தான் பந்தி. என் கல்யாணத்தில் நம் மாமா சாம்பாரில் உப்பில்லை என்று இருநூறு பேரை அரை மணி நேரம் உட்கார வைத்தார். எல்லாரும் திட்டினார்கள். ஆனால் உப்போடு தின்றார்கள். இந்தத் தடவை தாய்மாமன் நீ.

பிரியமுள்ள அக்கா,
தேவகுமாரி


வெள்ளக்கடை
30.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்ததாகச் சாரா சொன்னாள். காலைத் தொங்கப் போடாமல் இருங்கள். இங்கே நான் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

கல்யாணம் முடிந்தது. நாறிப்போய் முடிந்தது என்பதுதான் சரி.

சர்ச் ஐயர் உடன்படிக்கை வாசிக்கும்போது தலைக்கு மேலே ஒரு டிரோன் வண்டு மாதிரி சுற்றியது. அவர் அதை அண்ணாந்து பார்த்ததில் விட்ட வரியைத் தேடிப் பிடிக்க நேரமாயிற்று. ஃபெபி நடந்து வரும்போது புகை மிஷினைப் போட்டார்கள். பாடகர் குழு பாதிப் பாட்டில் இருமியது. தாலி கட்டினது கேமராவில் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கட்டுங்கள் என்று போட்டோக்காரன் சொல்ல, எல்வின் கட்டின தாலியின் முடிச்சை மறுபடி பிடித்துக்கொண்டு சிரித்தான். எனக்கு அங்கேயே குமட்டியது.

விடியற்காலை நாலு மணிக்குச் சேலத்தில் அடுப்பிலிருந்து இறக்கிய பிரியாணி. ஏழு மணிக்குக் கிளம்பிய வேன், கோடை விழாவுக்கு வந்த கார்களுக்கு நடுவில் கொண்டை ஊசி வளைவுகளில் மாட்டிக்கொண்டு இரண்டு இருபதுக்குத்தான் மேலே வந்தது. ஜனங்கள் பசியில் தாம்பூலப் பைக்குள் இருந்த சாக்லேட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். பந்தி ஆரம்பித்தது.

நாலரைக்கு எல்வினின் அத்தை மேடைப் பூந்தொட்டியில் வாந்தி எடுத்தாள். ஐந்து நிமிஷத்தில் செண்டை அடிக்க வந்தவர்களில் மூன்று பேர். அப்புறம் யார் எங்கே என்று கணக்கில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த வெள்ளைத் துணி, கார் சீட், கிப்ட் வாங்கி வைத்திருந்த மேஜைக்கு அடி. அறுபத்து மூன்று பேர். பட்டுச் சேலைகளும் மல்லிகையும் அந்த நாற்றமும் கலந்து வந்த வாடை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சாராவுக்கு இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியது. ஃபெபி முகூர்த்தப் புடவையோடு ஆஸ்பத்திரி வாசலில் குனிந்து நின்றாள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு விரதம் இருந்த நம் எஸ்டேட் ஆட்கள் முப்பது பேருக்கும் ஒன்றும் இல்லை. சாரா அவர்களுக்குத் தனியாகத் தக்காளி சாதம் செய்திருந்தாள். பச்சடியைப் போட்டுத் தின்றுவிட்டுப் போனவர்கள் மறுநாளிலிருந்து எஸ்டேட் காட்டில் எங்களைக் கேலி செய்கிறார்கள். அவர்களில் மாதப்பன் என்னைப் பார்த்தால் வயிற்றைத் தடவிக் காட்டுகிறான்.

தயிர்தான் காரணம் என்று சம்பந்தி சொல்கிறார். மலைத் தயிரில் என்ன கிடந்ததோ என்கிறார். அப்படியும் இருக்கலாம்.

உங்கள் தம்பி,
ஞானசுந்தரம்


தூத்துக்குடி
9.6.2025

தம்பி சுந்தரத்துக்கு,

வாக்கர் பிடித்து நடக்கிறேன். வலி தாங்கும்படி இருக்கிறது. சாராவுக்குக் கஞ்சி, மாதுளம்பழம் கொடுக்கச் சொல்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நாலு மணிக்கு இறக்கிய பிரியாணியை இரண்டரைக்குப் பரிமாறியிருக்கிறீர்கள். பத்தரை மணி நேரம். அந்த முப்பது பேரும் பச்சடி தின்றார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். பச்சடி அவர்களை மட்டும் ஜாதகம் பார்த்து விட்டுவிட்டதா? அப்படியும் இருக்கலாம் என்று எப்படி எழுதினாய்?

டிரோனைப் பற்றி இரண்டு வரி, புகையைப் பற்றி இரண்டு வரி. நீ முதல் கரண்டி வாயில் வைத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. வைத்தாயா? உனக்கு உடம்புக்கு வந்ததா? அதுவும் இல்லை.

பதில் போடு.

அக்கா,
தேவகுமாரி


வெள்ளக்கடை
22.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் வாக்கர் இல்லாமல் நடக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. மிளகுக் கொடிக்கு மருந்தடிக்க ஆள் கிடைக்கவில்லை. ஃபெபி சேலத்தில் சந்தோஷமாக இருக்கிறாள். மாமியார் அவளை அடுப்படிக்கே விடுவதில்லையாம்.

தயிர் விஷயம் கொஞ்சம் பெரிதாகிவிட்டது. சம்பந்தி, பார்வதியின் தயிர் மேல் உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் ஒரு மனு கொடுத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அறுபது பேர் கையெழுத்துப் போட்டார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆபீசர் வந்து பார்வதி வீட்டில் தயிர் எடுத்துக்கொண்டு போனார். முடிவு இன்னும் வரவில்லை. அதற்குள் லாட்ஜுகள் இரண்டும் பாலை நிறுத்திவிட்டன. நம் மேனேஜரும் வேண்டாம் என்றுவிட்டார். காலையில் கறக்கிற பாலை வாழை மரத்தடியில் ஊற்றுகிறாளாம். இவ்வளவு தூரம் போகும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை.

கருப்பட்டி கிடைத்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பவும்.

உங்கள் தம்பி,
ஞானசுந்தரம்


1.7.2025

சுந்தரம்,

உனக்கு எதற்குக் கருப்பட்டி, சர்க்கரை வியாதிக்காரனுக்கு?

நான் கேட்டது ஒரே கேள்வி. வாய் வைத்தாயா, இல்லையா?

தேவகுமாரி


வெள்ளக்கடை
19.7.2025

அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு விசாரணை நடத்துவது சுலபம். இங்கே ஃபெபி அந்த வீட்டில் வாழ்கிறாள். உங்கள் பிரியாணிதான் கெட்டுப்போனது என்று நான் சொன்னால் அந்த வீட்டில் அவளை யார் எப்படிப் பார்ப்பார்கள்? சாரா முகத்தில் யார் விழிப்பார்கள்? தாய்மாமன் என்கிறவன் இதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஊர் உலகத்தில் பால்காரி ஒருத்திக்கு வேறு வீடு கிடைக்காமலா போகும்?

ஆமாம், வாய் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நான் தின்பது கல்யாண வீடியோவிலேயே இருக்கிறது. சம்பந்தி அதை எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறார். வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தோடு இந்தப் பேச்சை விடுங்கள்.

ஞானசுந்தரம்


தூத்துக்குடி
2.8.2025

சுந்தரம்,

பார்த்தேன். விடுதிப் பிள்ளை ஒருத்தியின் போனுக்குச் சாரா அனுப்பி வைத்தாள். நாற்பது வினாடி. நான் பதினைந்து தடவை பார்த்திருப்பேன்.

சம்பந்தி உன் தோளில் கை போட்டிருக்கிறார். நீ கரண்டியை வாயில் வைக்கிறாய். கன்னம் உப்புகிறது. தலையை ஆட்டுகிறாய். எல்லாரும் கை தட்டுகிறார்கள். நீ வேன் பக்கமாக நடந்து போகிறாய். அதுவரைக்கும் உன் தொண்டை அசையவில்லை.

அம்மா செத்தபின் உனக்கு ஏழு வயதுவரை ஊட்டினவள் நான். அகத்திக்கீரையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தின்றுவிட்டேன் அக்கா என்று தலையாட்டிக்கொண்டே கொல்லைக்குப் போவாய். அந்தக் கன்னம் எனக்குத் தெரியாதா?

முழுங்க முடியாததை நானூறு பேருக்குப் போடச் சொல்லிவிட்டு, அந்தக் கையாலேயே ஒரு ஏழையின் பேரில் மனு எழுதியிருக்கிறாய். சம்பந்தி வீட்டுப் போட்டோ கூத்தைப் பார்த்துக் குமட்டியது என்று எனக்கு எழுதினாயே. இந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு வருகிற குமட்டலுக்கு என்ன பேர்? உன் கடிதங்களை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

எனக்கு எழுதாதே.

தேவகுமாரி


வெள்ளக்கடை
28.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். எட்டு வாரம் எழுதவில்லை. உங்கள் கால் எப்படி இருக்கிறது என்று சாராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் பார்த்தது சரி. அண்டா மூடியைத் திறந்ததும் புளித்த மாவு வாடை. சூடே இல்லை. ஓரத்தில் கை வைத்தால் குளித்து முடித்த தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பு. கறி கரண்டியில் வழவழ என்றிருந்தது. வாயில் வைத்ததும் நாக்கு திரும்பிவிட்டது. அதே நேரம் சம்பந்தி என் தோளை அமுக்கி, "எப்பிடிங்க சம்பந்தி, மலைச் சனம் இந்த மாதிரி தின்னுருக்குமா?" என்றார். கேமரா என் வாய்க்கு நேராக இருந்தது. பந்தியில் நூற்றைம்பது பேர் இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயில் அதை வைத்துக்கொண்டு என்ன பேச முடியும்? தலைதான் ஆடியது. வேனுக்குப் பின்னால் போய்த் துப்பினேன். வாயைக் கொப்பளித்துவிட்டு வரும்போது பாதிப் பந்திக்குப் பரிமாறி முடித்திருந்தார்கள். அப்போதுகூட நிறுத்தியிருக்கலாம். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு நான் ஒரு பருக்கை தின்னவில்லை.

ஃபெபிக்காக என்று உங்களுக்கு எழுதினேன். அது பொய். அவள் நினைப்பு எனக்கு அப்புறம்தான் வந்தது. அந்த நிமிஷம் அந்த ஆளுக்கு முன்னால் சின்னவனாகிவிடக் கூடாது என்பது மட்டும்தான் இருந்தது. மலைக்காரன் பிரியாணி தெரியாதவன் என்று சிரித்துவிடுவார் என்று பயந்தேன். இதற்காகத்தான் அறுபத்து மூன்று பேரை வாந்தி எடுக்க வைத்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பார்வதி இரண்டு மாட்டை விற்றுவிட்டாள். இதையெல்லாம் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
ஞானசுந்தரம்


தூத்துக்குடி
6.10.2025

தம்பி சுந்தரத்துக்கு,

கைத்தடி மட்டும் வைத்து நடக்கிறேன். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று சாரா சொன்னாள். சாப்பிடு.

நான் எதற்கு மன்னிக்க வேண்டும்? பாலை என் வீட்டு வாழை மரத்தடியிலா கொட்டினார்கள்? மாட்டை நானா விற்றேன்? உறையை மூடி, தபால் தலை ஒட்டி, நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறவளிடம் உண்மையைச் சொல்வதும் ஒருவகையில் கன்னத்தில் அடக்கிக்கொள்வதுதான்.

செம்மநத்தத்துக்குப் போ. போய்விட்டு வந்து எழுது. போகாவிட்டால் எழுதாதே.

பிரியமுள்ள அக்கா,
தேவகுமாரி


வெள்ளக்கடை
10.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

தடி இல்லாமல் சர்ச்சுக்கு நடந்து போனீர்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

போன வாரம் செம்மநத்தம் போனேன். மூன்று தடவை பாதி வழியில் வண்டியைத் திருப்பிவிட்டேன், நாலாவது தடவைதான் போய்ச் சேர்ந்தேன். பார்வதி மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் மோர் வரும். எனக்கு வரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தயிரில் குற்றமில்லை, பிரியாணி கெட்டுப்போனது எனக்குத் தெரியும், தலையாட்டிவிட்டுப் போய்த் துப்பினேன் என்று சொன்னேன்.

அவள் கூடையைக் கீழே வைக்காமலே, "தெரியுமுங்க ரைட்டரே" என்றாள். "நீங்க வேனுக்குப் பொறத்தால துப்புனப்ப நான் அங்க தயிர் கொண்டாந்த குண்டானக் கழுவிட்டிருந்தனுங்க. நீங்க என்னையப் பாக்கலீங்க."

அப்புறம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டபின்தான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று புரிந்தது.

"அறுவது பேரு கையெழுத்துப் போட்ட காயிதம் உங்க எழுத்துல இருக்குதுங்க. நாஞ் சொன்னா எந்த ஊட்டுல கேப்பாங்க? மாடு போனதக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. நீங்க அதுக்கப்புறமும் இந்த வழியா வண்டியில போறப்ப, நல்லாருக்கறயா பார்வதின்னு கேட்டுட்டுப் போவீங்க பாருங்க, அதைத்தான் நொம்பப் பொறுக்க முடியலீங்க" என்றாள்.

மறுநாளே புது மனு எழுதினேன். பழைய மனுவை எழுதியவன் நான், அதில் இருப்பது பொய் என்று தெரிந்தே எழுதினேன் என்று போட்டுக் கையெழுத்திட்டு ஆபீஸில் கொடுத்தேன். ஒரு நகல் மேனேஜருக்கு, இரண்டு லாட்ஜுக்கும் ஒவ்வொன்று, சம்பந்திக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வாசித்து முடித்ததும் ஐயரிடம் இரண்டு நிமிஷம் கேட்டு வாங்கி சபைக்கு முன்னால் நின்று சொன்னேன். வெளியே வந்ததும் மூன்று பேர் என்னைப் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். மேனேஜர் பார்வதியிடம் மறுபடி பால் வாங்கச் சொல்லிவிட்டார். லாட்ஜுகள் இன்னும் வாய் திறக்கவில்லை. சம்பந்தி போனில் என்னைச் சொன்னதை எழுத முடியாது. ஃபெபி கூப்பிட்டு, எல்வின் என் பக்கம் இருக்கிறான் மாமா, பயப்படாதீர்கள் என்றாள். என்னை ஆறுதல்படுத்த அவளா என்று வெட்கமாக இருந்தது.

சாரா மட்டும் சர்ச் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போனபின் பக்கத்தில் போய் நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"எனக்கும் வாடை வந்துச்சுங்கண்ணா. எலையில வெச்சப்பவே தெரிஞ்சுது. அண்ணன் சரின்னுட்டாரே, எனக்குத்தான் மூக்கு கெட்டுப் போச்சுன்னு நெனச்சுட்டு, ஃபெபிக்கு என் கையாலயே ஊட்டி உட்டேன்."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள், என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

உங்கள் தம்பி,
ஞானசுந்தரம்